எழுபது வளைவு ஏறிப் போன டைப்ரைட்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்பச் சொன்னதையும், நடுவில் மழை வந்து ரெக்கார்டிங் நின்ற இடத்தையும் எடுத்துட்டேன். பின்னணியில் கேட்ட டக் டக் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர வழி தெரியலை. அதுக்கு ஆடியோவைக் கேளுங்க.)

இந்த எபிசோடைக் கொல்லிமலை செம்மேட்டில், எங்க பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். மடியில் ஒரு ஒலிவெட்டி லெட்டெரா 32. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் இதே மடியில்தான் வந்துச்சு. பக்கத்து சீட்டு அக்கா முப்பதாவது வளைவில், "தம்பி, அதென்ன ஆர்மோனியமா?"ன்னு கேட்டாங்க. டைப்ரைட்டர்னு சொன்னதும், "இது இன்னுமா இருக்கு?"ன்னாங்க. நிறைய பேர் கேட்கிற கேள்விதான்.

என்கிட்ட இப்போ நாலு டைப்ரைட்டர் இருக்கு. நாலுமே போர்ட்டபிள், அதாவது மூடி போட்டுக் கையில் தூக்கிட்டுப் போற சைஸ். வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர் கம்பெனியில். நாள் முழுக்க மூணு ஸ்கிரீன் முன்னாடி இருக்கிறவன் எதுக்கு இந்த இரும்பைக் காசு குடுத்து வாங்குறான்? 'கவனம் சிதறாது, நோட்டிஃபிகேஷன் வராது'ன்னுதான் நானும் ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். அது பொய் இல்லை. ஆனா ஃபோனை ஆஃப் பண்ணிட்டு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்தாலே அது கிடைச்சுடும், நாலு கிலோ பக்கம் தூக்கிட்டு மலை ஏற வேண்டாம். இதில் வேற ஒண்ணு இருக்கு. அது எனக்கு இந்தத் தடவைதான், பெரியம்மா கையைப் பார்த்தப்போதான் புரிஞ்சது.

அதுக்கு முன்னாடி, தெரியாதவங்களுக்காக மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடுறேன். ஒரு விசையை அழுத்தினா ஒரு நெம்புகோல் இழுபடும். அது ஒரு மெல்லிய இரும்புக் கையைத் தூக்கி வீசும். அந்தக் கையோட நுனியில் எழுத்து கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பியிருக்கும். அது மை நாடாவை அடிக்கும், நாடாவுக்குப் பின்னால் ரப்பர் உருளையில் சுத்தியிருக்கிற பேப்பரில் எழுத்து விழும். விழுகிற அதே சமயத்தில் அந்தக் கை ஒரு சின்னப் பல்லைத் தட்டிவிடும். உடனே கேரேஜ், அதாவது உருளையும் பேப்பரும் சேர்ந்த மேல்பாகம், ஒரு எழுத்து அளவு இடப்பக்கம் நகரும். நகர்த்துறது கரண்ட் இல்லை. இடது பக்கம் உள்ளே ஒரு சுருள்வில் டிரம் இருக்கு. அதிலிருந்து போற ஒரு கயிறு கேரேஜை எப்பவும் இழுத்துக்கிட்டே இருக்கும். பல் விடும்போது மட்டும் ஒரு அடி நகரும். சுவர்க் கடிகாரத்துக்குள்ள நடக்கிற விஷயம்தான். விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு வரி கோடு கூடக் கிடையாது. நீங்க எவ்வளவு வேகமா அடிக்கிறீங்களோ அவ்வளவு கறுப்பா விழும். பயந்து அடிச்சா சாம்பலா விழும். ரெண்டு விசையைச் சேர்த்து அடிச்சா ரெண்டு கையும் மேலே போய் மாட்டிக்கிட்டு நிக்கும், விரலால் பிரிச்சு விடணும்.

போர்ட்டபிள் கதை தனி. 1870-களில் ரெமிங்டன் விற்க ஆரம்பிச்ச மெஷின் ஆபீஸ் மேஜையை விட்டு நகராத ஜாதி. 1912-ல் அமெரிக்காவில் வந்த கொரோனா 3 கேரேஜையே முன்பக்கமா மடக்கி வைக்கிற மாதிரி இருந்ததால் பத்திரிகைக்காரங்களோட பைக்குள்ள போச்சு. 1950-ல் இத்தாலிக்காரர் மார்செல்லோ நிட்சோலி வடிவமைச்ச லெட்டெரா 22 வந்தது. அந்த நாட்டுல வடிவமைப்புக்குத் தர்ற பெரிய விருதான கொம்பாஸ்ஸோ தோரோவை 1954-ல் வாங்கினது அதுதான். என் மடியில் இருக்கிறது அதோட தம்பி. 1963-ல் வந்தது. அமெரிக்க நாவலாசிரியர் கார்மக் மெக்கார்த்தி இதே மாடலில்தான் பல பத்து வருஷம் தன் நாவல்களை அடிச்சார். 2009-ல் அவரோட மெஷின் ஏலத்தில் 2,54,500 டாலருக்குப் போச்சு. அவருக்கு ஒரு நண்பர் அதே மாடலை 11 டாலருக்கு வாங்கிக் குடுத்தார், அவர் அதில் வேலையைத் தொடர்ந்தார். விலைங்கிறது யார் விரல் பட்டதுங்கிறதில் இருக்கு, மெஷினில் இல்லை. (நான் ஆன்லைனில் வாங்கின முதல் மெஷினுக்குக் குடுத்த மூவாயிரத்து ஐநூறில் ஆயிரம் ரூபாய் துருவுக்குக் குடுத்ததுன்னு வெச்சுக்கோங்க. 'வொர்க்கிங் கண்டிஷன்'னு போட்டிருந்தாங்க. ஸ்பேஸ் பார் மட்டும் வொர்க்கிங்.)

சரி, பெரியம்மா. அவங்க தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர் பாஸ். கல்யாணத்துக்கு முன்னாடியே அரசாங்கத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைச்சு, ரிட்டயர் ஆகிறவரைக்கும் அதே வேலை, கடைசிப் பல வருஷம் இந்த மலையிலேயே. கம்ப்யூட்டர் வந்தப்போ தொட்டுப் பார்த்தாங்க, பிடிக்கலை. ரெண்டு வருஷம் முன்னாடி லேசான பக்கவாதம். நடை திரும்பிடுச்சு, பேச்சு திரும்பிடுச்சு. வலது கை முக்கால்வாசி திரும்புச்சு. சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் சொன்னதைக் கேட்க மாட்டேங்குது.

நான் பெட்டியைத் திறந்து வெச்சதும் அவங்க போய்க் கையைக் கழுவிட்டு வந்தாங்க. ஈரத்தை முந்தானையில் துடைச்சாங்க. உட்கார்ந்தாங்க. முதுகு நேரா நிமிர்ந்துச்சு. அதை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை, அடுப்படியில் குனிஞ்சே பார்த்த மனுஷி. இங்கிலீஷில் நாலு வரி அடிச்சாங்க. விரலைப் பார்க்கவே இல்லை. ஒண்ணாம் நம்பர் விசை இல்லாததைப் பார்த்துச் சிரிச்சுட்டு, சின்ன 'எல்' எழுத்தை அடிச்சு விட்டாங்க. எனக்கு அது தெரியவே ஆறு மாசம் ஆச்சு. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏங்கண்ணு, இதுல தமிழ் எங்க?"ன்னாங்க.

இல்லைன்னு சொன்னேன்.

"அப்ப நாலுலயும் இல்லையா?"

இல்லை பெரியம்மா.

அவங்க ஒண்ணும் சொல்லலை. மூடியை எடுத்து மூடினாங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாலு மெஷின் சேர்த்திருக்கேன், அதில் ஒண்ணில் கூட எங்க வீட்டுல ஒருத்தரோட பேரை ஒழுங்கா அடிக்க முடியாது.

ராத்திரி தூக்கம் வரலை. சிக்னலும் இல்லை. பெரியம்மாகிட்டயே தமிழ் மெஷின் எப்படி இருக்கும்னு கேட்டேன். அவங்க ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பி, விசைப்பலகையை நினைவிலிருந்து வரைஞ்சாங்க. நடு வரிசை இடது கை: ய, ள, ன, க. வலது கை: த, ம, ட, கடைசியில் சுண்டு விரலுக்குக் கீழே புள்ளி. தமிழ் டைப் படிக்கிறவங்க முதல் நாளே மனப்பாடம் பண்றது இதைத்தான்.

இந்தப் பலகைக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கார். ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலேயா, சிங்கப்பூர்னு போய் வேலை பார்த்தவர். அவர் முன்னாடி இருந்த சிக்கல் என்னன்னா, தமிழில் 247 எழுத்து. மெஷினில் இருக்கிறதோ நாற்பதைச் சொச்சம் விசை, ஷிஃப்ட் போட்டா அதில் இரண்டு மடங்கு. எழுத்து எழுத்தா வைக்க இடமே இல்லை. அதனால் அவர் எழுத்துகளைப் பிரிச்சார். கொம்பு தனி, கால் தனி. புள்ளி, விசிறி மாதிரி எழுத்தோடு ஒட்டி நிக்க வேண்டியவைதான் கஷ்டம். ஒவ்வொரு அடிக்கும் கேரேஜ் நகர்ந்துட்டா 'ல'வுக்கு மேலே புள்ளி எப்படி விழும்? பக்கத்தில் போய் விழுந்துடுமே. அதுக்கு அவர் கையாண்டது நகரா விசை. முன்னாடி சொன்னேன் இல்லையா, இரும்புக் கை மேலே போகும்போது ஒரு பல்லைத் தட்டும்னு? நகரா விசையோட கை அந்தப் பல்லைத் தட்டாது. புள்ளி விழும், பேப்பர் அசையாது. அடுத்து அடிக்கிற எழுத்து அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும்.

இப்போ கோடு எழுதுறவங்களுக்காக ஒரு நிமிஷம். 'கொல்' அப்படின்னு அடிக்கணும். மெஷினில் கொம்பு, க, கால், புள்ளி, ல. அஞ்சு அடி. பேப்பரில் இடமிருந்து வலமா கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அந்த வரிசை, புள்ளி மட்டும் எழுத்துக்கு முந்தி. யூனிகோடில் இதே சொல் க, ஒகரக் குறி, ல, புள்ளின்னு நாலு குறியீடாச் சேமிக்கப்படுது. வாய் சொல்ற வரிசை, புள்ளி எழுத்துக்குப் பின்னாடி. ஒண்ணு கண்ணோட தமிழ், இன்னொண்ணு காதோட தமிழ். 1999-ல் தமிழ்நாடு அரசு தமிழ்99 பலகையைக் கொண்டுவந்த பிறகும் டைப்ரைட்டர் பலகையை விடாம கம்ப்யூட்டரில் பயன்படுத்துறவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்க அடிக்கிற கண் வரிசையை உள்ளே ஒரு புரோகிராம் காது வரிசையா மாத்திக்கிட்டே இருக்கு. நான் அந்த மாதிரிக் கோடில் வந்த ஒரு பிழையை ஒரு தடவை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடியிருக்கேன். அதோட வேர் ஒரு இரும்புப் பல்லில் இருக்குன்னு அப்போ தெரியாது.

எனக்கு ஆச்சரியமா இருந்த விஷயம் இன்னொண்ணு. முத்தையாவோட மெஷின்கள் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நவ்மன் ஆலையில் செஞ்சு வந்தவை. பெரிய மேஜை மெஷின் மட்டும் இல்லை, 'பிஜோ'ங்கிற போர்ட்டபிளிலும் அவர் தமிழைப் போட்டார். எரிகா என்ற பேரில் உலகம் முழுக்கச் சேகரிக்கிறவங்க தேடுறாங்களே, அதே குடும்பம். அதாவது பெட்டியில் வெச்சு மலைக்குத் தூக்கிட்டு வர்ற தமிழ் மெஷின் ஒண்ணு உண்மையிலேயே இருந்திருக்கு. நான் தேடாதது என் தப்பு.

மறுநாள் சாயங்காலம் பெரியம்மா மறுபடி மூடியைத் திறந்தாங்க, இங்கிலீஷாவது அடிப்போம்னு. மூணாவது வரியில் 'டப்'னு ஒரு சத்தம், கேரேஜ் செத்துப்போச்சு. அடிக்கிற எழுத்தெல்லாம் ஒரே இடத்தில் குவியுது. நான் சொன்ன அந்தக் கயிறு அறுந்துடுச்சு. என்னைவிட இரண்டு மடங்கு வயசான கயிறு, மலைப் பனி வேற. பழைய போர்ட்டபிளில் இது அடிக்கடி நடக்கும், பயப்படத் தேவையில்லை. செம்மேட்டுக் கடையில் மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பு வாங்கிட்டு வந்தேன். அடித்தட்டைக் கழட்டி, ஒரு முனையை டிரம்மில் கட்டி, டிரம்மைச் சில சுத்து முறுக்கி, மறுமுனையைக் கேரேஜோட வலது ஓரத்தில் மாட்டணும். முறுக்கின டிரம்மைக் கைதவறி விட்டா மொத்தச் சுருளும் 'விர்ர்'னு அவிழ்ந்து விரலைப் பதம் பார்க்கும். பார்த்துச்சு. ரெண்டாவது தடவை பெரியம்மா இடது கையால் டிரம்மைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு மணி நேரம், பதினஞ்சு ரூபாய். என் லேப்டாப்பில் ஒரு ஸ்குரூ கழட்டினாலே வாரண்டி போயிடும்.

ஆயில் பற்றியும் சொல்லிடுறேன், புதுசா வாங்குறவங்க எல்லாரும் பண்ற தப்பு. விசை இறுகினா உடனே எண்ணெய் விடாதீங்க. இரும்புக் கைகள் வந்து சேர்ற பிறை வடிவப் பள்ளத்தில் எண்ணெய் தூசியோட சேர்ந்து பசையாயிடும், முன்னைவிட மோசமாகும். டர்பன்டைன் தொட்ட பழைய டூத் பிரஷ் போதும். நாடாவுக்கும் கவலை வேண்டாம். அரை அங்குல நாடா இன்னும் கிடைக்குது. ஏன் கிடைக்குதுங்கிறதுதான் இந்தக் கதையோட அடுத்த பாதி.

கோத்ரெஜ் 1955-ல் இந்திய டைப்ரைட்டரைக் கொண்டுவந்து, 2009 வாக்கில் தயாரிப்பை நிறுத்திடுச்சு. நம்ம ஊரிலும் ஆலை இருந்துச்சு. ராயலா கார்ப்பரேஷன் சென்னையில் ஹால்டா மெஷின் செஞ்சாங்க. ஃபேசிட் ஏசியா ஆலை இருந்தது பெருங்குடியில். ஆமா, ஓ.எம்.ஆர். பெருங்குடிதான். நான் தினமும் சிக்னலில் நிக்கிற ஏரியா. அங்கே இப்போ விசையைத் தட்டுற சத்தம் மட்டும்தான் மிச்சம், ரப்பர் விசை. ஆனா தமிழ்நாட்டில் டைப்ரைட்டர் சாகலை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இன்னும் லோயர், ஹையர் பரீட்சை நடத்துது. இங்கிலீஷ் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் டைப்பிஸ்ட் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேணும். அதனால்தான் ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் மாடிப்படி ஏறினா இன்னும் இன்ஸ்டிடியூட் இருக்கு, நாடா விற்குது, ஒரு மெக்கானிக்காவது சைக்கிளில் வந்து போறார்.

தமிழ் போர்ட்டபிள் கிடைக்குமான்னு எனக்குத் தெரிஞ்ச நாலு மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். ஒருத்தர் சிரிச்சார். இன்னொருத்தர், "போர்ட்டபிள் இல்ல தம்பி. பெரிய மெஷின் இருக்கு, தமிழ், நல்ல கண்டிஷன். இன்ஸ்டிடியூட்காரர்கிட்ட பேசிப் பாருங்க, உங்களை மாதிரி கலெக்ஷன் பண்றவங்க கேட்டா நல்ல விலைக்குக் குடுப்பாரு"ன்னார். மலையிலிருந்து இறங்கி நேரா அங்கே போனேன்.

பத்து மெஷின். ஏழு இங்கிலீஷ், மூணு தமிழ். தமிழ் மூணில் ஒண்ணு உதிரி பாகத்துக்காகப் பிரிச்சு வெச்சிருந்தது. மாஸ்டர் ஒரு மெஷினைக் காட்டி விலை சொன்னார். என் கையில் காசு இருந்துச்சு. என் ஒரு மாசச் சம்பளத்தில் அது பெரிய தொகை கூட இல்லை. அந்த மெஷினில் அப்போ ஒரு பொண்ணு அடிச்சிட்டிருந்தா. சுவரில் பேட்ச் நேரம் எழுதியிருந்தது, காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும், மணிக்கு ஒருத்தர். ஒரு மெஷினை நான் தூக்கிட்டுப் போனா, நாள் ஒண்ணுக்கு பதினாலு பேரோட ஒரு மணி நேரம் என் புத்தக அலமாரி மேலே போய் உட்காரும். புதுசு யாரும் செய்யலை, மாத்து கிடைக்காது. பழைய மெஷினோட விசைகளைப் பிடுங்கி மோதிரம், கம்மல் செய்றவங்களை நாங்க சேகரிக்கிறவங்க கூடிக்கூடித் திட்டுவோம். அன்னிக்கு அந்த வாசலில் நின்னப்போ எனக்கும் அவங்களுக்கும் பெரிய தூரம் இருக்கிற மாதிரி தெரியலை.

விலைக்கு வேண்டாம் சார், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் குடுங்கன்னு கேட்டேன். யாருக்குன்னு கேட்டார். சொன்னேன். ஃபீஸ் வாங்க மாட்டேன்னுட்டார்.

போன ஞாயிறு பெரியம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். பெரிய மெஷின், போர்ட்டபிளைவிட விசை ஆழம், அழுத்தமும் அதிகம். அவங்க பேப்பரைச் சொருகி, ஓரத்தைச் சரிபார்த்து, ய ள ன க மேலே விரலை வெச்சாங்க. வேகமாவே அடிச்சாங்க. சத்தம் ஒரே தாளமா வந்துச்சு, அப்பப்போ ஒரு இடத்தில் மட்டும் தாளம் லேசா இடறும். ஒரு பக்கம் முடிஞ்சதும் எட்டிப் பார்த்தேன். உயிர்மெய்யெல்லாம் கறுப்பா, அச்சு மாதிரி. புள்ளி மட்டும் இல்லை. சில இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தூசி மாதிரி, பல இடத்தில் அதுவும் இல்லை. கொலலிமலை. செமமேடு. அவங்க வாழ்நாளெல்லாம் அந்த ஒரு விரல்தான் புள்ளி வெச்சிருக்கு.

ஃபோனில் அடிச்சிருந்தா இது தெரிஞ்சிருக்காது. ஃபோனுக்கு லேசாத் தொட்டாலும் ஒண்ணு, ஓங்கித் தொட்டாலும் ஒண்ணு. கடிதத்தில் என் பேர் இருந்துச்சு, எங்க அம்மா பேர் இருந்துச்சு, நான் நினைச்சிருந்ததைவிட நீளமா அவங்களுக்குள்ள ஏதோ ஒரு பழைய கணக்கு இருந்துச்சு. அதை இங்கே சொல்ல மாட்டேன்.

நான் ஒண்ணும் பேசலை. மாஸ்டர்தான், "அந்தக் காலத்து ஓலைச்சுவடியில புள்ளியே கிடையாதுங்கம்மா"ன்னார். அது உண்மைதான், சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. படிக்கிறவங்களே வெச்சுப் படிச்சுக்கணும். பெரியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாங்க. ஹையர் பாஸான கையாச்சே. என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, இடது கையில் பிடிச்சு, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு புள்ளியா வெச்சுட்டு வந்தாங்க. பதினஞ்சு நிமிஷம் ஆச்சு. முடிச்சுட்டு, பேப்பரை மறுபடி உருளையில் சொருகினாங்க, எழுதாத பக்கம் முன்னாடி வர்ற மாதிரி.

"இன்னும் நேரம் இருக்கில்ல கண்ணு?"ன்னாங்க.

இருபது நிமிஷம் இருந்துச்சு.